மாடியில சோலார் போடறதுக்கு முன்னாடி, தங்கச்சிக்கு

கண்ணு, ஆலங்காயம் ரோட்டுப் பக்கம் ஊர் ஊரா சோலார் கம்பெனி ஆளுங்க நோட்டீஸ் கொடுத்துட்டுப் போறாங்க, நம்ம வீட்டுக்கும் போட்டுடலாமான்னு கேட்டிருந்தே. போடலாம். ஆனா எல்லார் வீட்டுக்கும் அது லாபம் இல்ல. நோட்டீஸ்ல இருக்கிற அளவு உன் வீட்டுக்குச் சரியா இருக்கணும்னும் இல்ல. பேனல் ஒரே நாள்ல மாடி ஏறிடும். அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் அது உன் தலைக்கு மேலதான் இருக்கும். அதனால அவசரப்படாம உன் ஈ.பி. பில்லையும் உன் மாடியையும் பார்த்து முடிவு பண்ணு.

மொதல்ல பில்லு

கடைசி ஆறு பில்லை எடுத்து வை. ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங்கறதால ஆறு பில்லுன்னா ஒரு வருஷக் கணக்கு. ரூபாயைப் பார்க்காதே, யூனிட்டைப் பாரு.

நம்ம தமிழ்நாட்டுல 2016லேருந்து வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு யூனிட் சலுகை விலை. அதனால 200 யூனிட்டுக்குள்ள ஓடுற வீட்டுக்குப் பில்லு 250 ரூபாயைத் தாண்டாது. வருஷத்துக்கே ஆயிரத்து ஐந்நூறுதான். அப்படிப்பட்ட வீட்டுல கடன் வாங்கி 1 கிலோவாட் போட்டாலும் கையிலேருந்து போன காசு திரும்பி வர இருபது வருஷத்துக்கு மேல ஆகும். உன் பக்கத்து வீட்டுல ரெண்டு ஃபேன், நாலு லைட்டு, ஒரு டிவின்னு இருக்காங்கல்ல, அவங்க கேட்டா வேணாம்னு தைரியமா சொல்லு. இலவச மின்சாரம்ங்கிற பேரைக் கேட்டு அவங்க கடன்ல மாட்டிக்கக் கூடாது.

கதை மாறுறது 500 யூனிட்டுல. 500ஐத் தொடாம நின்னா பில்லு 1,800 ரூபாயை ஒட்டி வரும். 500ஐத் தாண்டிட்டா அந்த ரெண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த சலுகை விலை போயிடும், மேல ஓடுற யூனிட்டுக்கும் விலை ஏறிடும். 600 யூனிட் ஓடினா பில்லு மூவாயிரத்தை நெருங்கும். கடைசி நூறு யூனிட்டுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல கட்டறோம். ஏசி வாங்கின வீடு, மாமியார் மாமனார் மச்சினர்னு ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் இருக்கிற வீடு, இவங்களுக்குத்தான் சோலார் உண்மையிலேயே கை கொடுக்கும்.

எத்தனை கிலோவாட்? நம்ம பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும்னு வெச்சுக்கோ. ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட். 600 யூனிட் ஓடுற வீட்டுக்கு 2 கிலோவாட் போட்டா 480 கழிஞ்சிடும், மிச்சம் சின்னப் பில்லுதான். மானியம் போக நீ போட்ட பணம் நாலஞ்சு வருஷத்துல திரும்பிடும். அதே வீட்டுக்கு 5 கிலோவாட் போடச் சொல்லி ஒருத்தர் வற்புறுத்தினா, அது உன் தேவைக்காக இல்ல.

மானியம் எவ்வளவு, யார் கைக்கு வரும்

2024 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச பிஎம் சூர்ய கர் திட்டம்தான் இப்போ நடப்புல இருக்கறது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூணாவது கிலோவாட்டுக்கு 18,000. மொத்தத்துல 78,000க்கு மேல கிடையாது. 3 கிலோவாட்டோ 10 கிலோவாட்டோ, அதே 78,000தான். 2 கிலோவாட்டு வரைக்கும்தான் கை நிறைய மானியம்னு இதுலயே தெரியுது இல்ல?

மானியம் கம்பெனிக்குப் போகாது, உன் பேங்க் கணக்குக்கு நேரா வரும். வேலை முடிஞ்சு, மீட்டர் மாத்தி, ஈ.பி. ஆளுங்க பார்த்து ஒப்புக்கிட்ட பிறகுதான் வரும். அதனால "மானியத்தைக் கழிச்சுக்கிட்டு மிச்சம் கொடுங்க"ன்னு யாராவது சொன்னா எழுத்துல வாங்கு. பதிவு பண்ண கம்பெனிங்க பட்டியல் திட்டத்தோட இணையதளத்துலயே இருக்கு, அதுல இல்லாத ஆள்கிட்ட போனா மானியம் வராது. பேனலும் இந்தியாவுலயே செல்லு முதற்கொண்டு தயாரானதா இருக்கணும். சீனப் பேனல் விலை குறைவா கிடைக்கும், மானியம் கிடைக்காது. பில்லுல அது தெளிவா எழுதியிருக்கான்னு பாரு.

பணம் கொடுக்கறதைப் பிரிச்சுக் கொடு. முன்பணம் கொஞ்சம், பேனல் வந்து இறங்கினதும் பாதி, எடுத்ததையும் கொடுத்ததையும் கணக்குப் போடற நெட் மீட்டர் ஓட ஆரம்பிச்சதும் மிச்சம். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துட்டா அப்புறம் மீட்டருக்காக நீதான் அலையணும்.

நகையை அடகு வைக்காதே, கண்ணு. 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க்குல கடன் கொடுக்கறாங்க, வட்டி நகைக்கடனை விடக் குறைச்சல். அந்தக் கடனோட மாசத் தவணையும், ஒரு மாசத்துக்கு மிச்சமாகிற பில்லும் கிட்டத்தட்ட சமமா வருதான்னு பார்த்துக்கிட்டா போதும்.

மீட்டர் யார் பேர்ல?

கிராமத்துல பாதி வேலை இங்கதான் நின்னு போவுது. வீட்டு ஈ.பி. இணைப்பு காலமான மாமனார் பேர்லயே இருக்கும். விண்ணப்பம் இன்னொருத்தர் ஆதார்ல, பேங்க் கணக்கு வேற பேர்ல. அப்படிப் போனா எங்கேயோ ஒரு இடத்துல சிக்கும். மொதல்ல ஈ.பி. ஆபீஸ்ல பேர் மாத்தம் பண்ணு. வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் கேப்பாங்க. இது முடியாம கம்பெனிக்கு முன்பணம் கொடுக்காதே.

கையோட உன் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் லோடு அனுமதிச்சிருக்காங்கன்னும் கேட்டு வா. பழைய வீடுங்கள்ல அது 1 கிலோவாட்டுக்குள்ளயே கிடக்கும். சோலார் அளவு அதைத் தாண்டினா லோடையும் ஏத்தணும்.

வீட்டோட ஒட்டின கொட்டகையில தோல் தைக்கிற மிஷின் போட்டு அதுக்குத் தனிக் கடை இணைப்பு வாங்கியிருந்தா, அந்த இணைப்புக்கு இந்த மானியம் கிடையாது. வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். கிணத்து மோட்டார் சோலார் தனித் திட்டம், வேளாண் பொறியியல் துறையில கேக்கணும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து பேசறவங்ககிட்ட ஜாக்கிரதை.

கரண்ட் போனா இதுவும் போயிடும்

இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல. மானியத்துல போடறது பெரும்பாலும் ஆன்-கிரிட் சோலார். அதாவது ஈ.பி. லைனோட சேர்ந்து ஓடறது. லைன்ல கரண்ட் போன உடனே சோலார் இன்வெர்ட்டரும் தானா நின்னுடும். மத்தியானம் பன்னண்டு மணி, வெயில் கொளுத்தும், மாடியில பேனல் இருக்கும், வீட்டுல ஃபேன் சுத்தாது. கோளாறு இல்ல அது. லைன் செத்துப் போச்சுன்னு நம்பி கம்பத்துல ஏறி வேலை செய்ற லைன்மேன் மேல உன் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு.

சாயங்காலக் காத்துக்கும் மழைக்கும் உங்க ஊர்ல கரண்ட் போவுது, பசங்க படிக்கணும், அதுதான் உன் கவலைன்னா அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பேட்டரியோட வர்ற ஹைபிரிட். விலை நல்லா கூடும், கூடற பங்குக்கு மானியமும் கூடாது. இன்னொண்ணு, நான் சொல்றது: வீட்டுல ஏற்கெனவே இருக்கிற சின்ன இன்வெர்ட்டர் பேட்டரியை அப்படியே வெச்சுக்கோ, சோலாரை ஆன்-கிரிட்டா தனியாப் போடு. கரண்ட் போனா பேட்டரி ரெண்டு ஃபேன், நாலு லைட்டை ஓட்டும். சோலார் பில்லைக் குறைக்கும். ரெண்டோட வயரையும் ஒண்ணா இணைக்காம வெக்கச் சொல்லு, எலக்ட்ரீஷியன் தெரிஞ்சவரா இருக்கணும்.

வாசல்ல உக்காந்து ஷூ மேல்பாகம் கையால தைக்கிறவங்க, ஊதுவத்தி, பீடி சுத்தறவங்க, இவங்க வீட்டு பில்லு சின்னதுதான். அவங்களுக்கு வேண்டியது இருட்டினப்புறம் அணையாத ஒரு வெளிச்சம். அதுக்கு ஒரு நல்ல பேட்டரியும் எல்இடியும் போதும். லட்ச ரூபாய்க்குப் பேனல் வேணாம்.

இன்னொரு தப்பான பேச்சு: "பகல்லயே துவைக்கிற மிஷினை ஓட்டு, கிரைண்டரை ஓட்டு, அப்பதான் சோலார் லாபம்." நெட் மீட்டர் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்ல. பகல்ல மிச்சமாகிறது லைனுக்குப் போயி கணக்குல ஏறும், ராத்திரி எடுக்கறது அதுல கழியும். உன் வேலையை உன் சௌகரியப்படி செய்.

மாடி

1 கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேணும். அது நிழல் விழாத நூறு சதுர அடியா இருக்கணும். காலையில ஒன்பது மணி, மத்தியானம், சாயங்காலம் நாலு மணி, மூணு நேரமும் மாடி ஏறி நிழல் எங்க விழுதுன்னு பாரு. மார்கழி, தையில சூரியன் தெக்கே சாஞ்சு போவும். இப்போ விழாத தென்னை நிழல் அப்போ நீளமா வந்து விழும். பேனல்ல ஒரு ஓரத்துல மட்டை நிழல் விழுந்தாலே அந்த வரிசையோட உற்பத்தி எக்கச்சக்கமா குறையும். தென்னைக்குக் கீழே வெக்கவே வெக்காதே, காஞ்ச மட்டையோ நெத்துத் தேங்காயோ விழுந்தா கண்ணாடி போச்சு.

பேனல் தெக்கே பார்த்துப் பன்னண்டு, பதினஞ்சு டிகிரி சாய்வா இருக்கணும். ஏன் அந்தக் கணக்குன்னா, ஒரு ஊர் பூமத்திய ரேகையிலேருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கோ கிட்டத்தட்ட அதே சாய்வுதான் வருஷம் பூரா வெயிலைப் பிடிக்கும். உங்க ஊருக்கு மேல ஜவ்வாது மலையில காவலூர் வானாய்வகம் இருக்கே, பெரிய தொலைநோக்கி, அது பன்னண்டரை டிகிரியில இருக்கு. வாணியம்பாடியும் அதை ஒட்டித்தான். வட இந்தியப் படத்தைப் பார்த்துட்டு முப்பது டிகிரி சாய்க்க வந்தா விடாதே. காத்துக்கும் அது ஆகாது.

மாடித் தரையோட ஒட்டிப் போடாதே. வெயில் எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு கரண்ட்னு எல்லாரும் நினைக்கிறாங்க. வெளிச்சம்தான் கரண்ட் கொடுக்குது, வெக்கை அதைக் குறைக்குது. பேனலோட வாட் கணக்கு 25 டிகிரிக்குப் போட்டது. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துக்கு அரைக்கும் கொஞ்சம் குறைவா இழப்பு. நம்ம வேலூர் வெயில்ல பேனல் 65 டிகிரிக்குச் சூடாகும், ஏழுல ஒரு பங்கு அங்கேயே போயிடும். அடியில காத்து ஓடற மாதிரி ஆளுயரத்துக்குத் தூக்கிப் போட்டா சூடு தணியும். உனக்குக் கீழே உக்கார நிழலும் கிடைக்கும். ஆனா வடாம் காய, துணி காய வெயில் படற இடம் தனியா வேணும்னு போடறதுக்கு முன்னாடியே சொல்லிடு. கம்பெனி ஆள் மாடி பூராவையும் அளந்துடுவாங்க, உன் வடாத்தை யாரும் நினைக்க மாட்டாங்க.

ஆளுயரத்துக்குத் தூக்கினா காத்து தள்ளும். கால் நிக்கற இடத்துல கான்கிரீட் பீடம் கட்டி நிறுத்தச் சொல்லு. தளத்தைக் கண்டபடி ஓட்டை போட்டா அடுத்த ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள்ள சொட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வீட்டுக்கு மேலே ஏறவே விடாதே, ஷீட்டு விரியும், ஆளும் விழுவாங்க. கொல்லையில மாட்டுக் கொட்டகை ஓரம் இரும்புக் குழாய் நட்டு அதுமேல போடலாம்.

நம்ம காத்து, நம்ம தண்ணி

வேற ஊர்க்காரங்க எழுதின டிப்ஸ் எதுலயும் இது இருக்காது, நல்லா கேளு.

தோல் பதனிடற ஷாப்புப் பக்கம் இருக்கிற வீட்டுல வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப் போறதை நீயே பார்த்திருக்கே. முடி நீக்கப் போடற சல்பைடுலேருந்து வர்ற வாயுதான் காரணம். அந்தக் காத்துல அம்மோனியாவும் கலந்திருக்கும். அதே காத்துதான் செப்புக் கம்பியையும் இரும்பையும் அரிக்கும். அதனால ஸ்டாண்டு வெறும் பெயிண்ட் அடிச்ச இரும்பா இருக்கக் கூடாது. உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த ஜி.ஐ. இல்லன்னா அலுமினியம். நட்டு போல்ட்டு எல்லாம் எவர்சில்வர். வயர் ஈயம் பூசின செம்புல வர்ற சோலார் கேபிள். பேனலுக்கு அம்மோனியா தாங்கற சோதனை, உப்புக்காத்து தாங்கற சோதனை ரெண்டும் இருக்கு. அந்தச் சான்று இருக்கிற பேனலாக் கேளு. இன்வெர்ட்டரை வெயில் படாத, காத்தோட்டமான சுவத்துல மாட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை முனைகளை முறுக்கிப் பார்க்கச் சொல்லு.

தண்ணி அதைவிடப் பெரிய விஷயம். பச்சைத் தோல் கெடாம இருக்க உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு வருது. அதைக் கழுவின உப்புத்தண்ணி எத்தனையோ வருஷமா பாலாத்துலயும் நிலத்துலயும் இறங்கி நம்ம கிணறு, போர் எல்லாத்தையும் உப்பாக்கிடுச்சு. இதுக்காக வேலூர்க்காரங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996ல தீர்ப்பே வாங்கினாங்க. அந்தப் போர்த் தண்ணியை பேனல் மேல அடிச்சு வெயில்ல காய விட்டா வெள்ளை வெள்ளையா உப்புக்கறை ஒட்டிக்கும். மேல மேல அடிக்க அடிக்கக் கண்ணாடியே மங்கிப் போவும். சுரண்டவும் கூடாது, சுரண்டினா கீறல் விழும்.

கழுவறதுக்கு மழைத்தண்ணி பிடிச்சு வெச்சுக்கோ, இல்ல குழாய்ல வர்ற காவிரித் தண்ணி. போர்த் தண்ணியை விட்டா வேற வழியே இல்லன்னா அதால அலசிட்டு, கடைசி வாளி நல்ல தண்ணியா ஊத்தி, காயறதுக்கு முன்னாடி ரப்பர் வைப்பரால இழுத்துடு. சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர் வேணாம். பனி இருக்கிற விடியக்காலையில கழுவு. சூடான கண்ணாடி மேல குளிர்ந்த தண்ணி பட்டா விரிசல் விடலாம். வெயில் ஏறின பேனல்ல கரண்ட்டும் இருக்கும், மெயினை அணைச்சாலும் பேனல்லேருந்து வர்ற வயர்ல மின்சாரம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். கோடையில பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை போதும், மழைக்காலத்துல வானமே கழுவிடும். பேனல் மேல காலை வெக்காதே, பசங்களையும் ஏற விடாதே. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

எர்த்திங்: சித்திரை வைகாசி இடி உங்க மலையடிவாரத்துல எப்படி விழும்னு உனக்கே தெரியும். இடிதாங்கிக்கு ஒண்ணு, பேனல் பக்கத்துக்கு ஒண்ணு, வீட்டுப் பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு எர்த் குழி தனித்தனியா வேணும். நம்ம மண்ணு பாறை, சீக்கிரம் காஞ்சிடும். கோடையில அந்தக் குழியில தண்ணி ஊத்த மறக்காதே.

யார் பார்த்துக்குவாங்க?

2011ல அறிவிச்ச முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டத்துல முந்நூறு சதுர அடி வீடும் அஞ்சு சோலார் விளக்கும் கொடுத்தாங்க. உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ அப்படி வீடு வாங்கினவங்க இருப்பாங்க. நோட்டீஸ் கொடுத்தவங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டு அம்மாகிட்ட போய்க் கேளு: விளக்கு எத்தனை வருஷம் எரிஞ்சுது, பேட்டரி போனப்போ யார் வந்தாங்க, எவ்வளவு செலவாச்சு.

பீகார்ல தர்நாய்னு ஒரு கிராமம். 2014ல கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார் போட்டு ஊர் பூராவுக்கும் விளக்கேத்தினாங்க, நாடே பேசிச்சு. சில வருஷத்துல பேட்டரிங்க ஓய்ஞ்சு போச்சு, ஊருக்கு ஈ.பி. லைனும் குறைஞ்ச விலையில வந்துடுச்சு, அந்த நிலையம் அப்படியே பூட்டிக் கிடந்து மாடு கட்டற இடமாச்சு. பேனல் கெடல, பார்த்துக்கறதுக்கு ஆளும் காசும் ஏற்பாடு இல்லாமப் போச்சு.

அதனால கம்பெனிகிட்ட விலைக்கு முன்னாடி இதைக் கேளு: வாணியம்பாடியிலயோ திருப்பத்தூர்லயோ சர்வீஸ் ஆள் இருக்காரா? மானியத் திட்டத்துல போட்ட கம்பெனி அஞ்சு வருஷம் பராமரிச்சுக் கொடுக்கணும், அது ஒப்பந்தத்துல எழுதியிருக்கா? பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷம் உத்தரவாதம்னு சொல்றது உற்பத்தி ஒரு அளவுக்குக் கீழே குறையாதுங்கறதுக்கு. பேனலே பழுதானா மாத்திக் கொடுக்கறதுக்குப் பத்து பன்னண்டு வருஷம்தான். இன்வெர்ட்டருக்கு அதுக்கும் கம்மி, அது ஒரு தடவை மாத்த வேண்டி வரும்னு இப்பவே மனசுல வெச்சுக்கோ. ஏற்கெனவே இவங்க போட்ட ரெண்டு வீட்டு முகவரி வாங்கி, நேர்ல போய் மாடி ஏறிப் பாரு.

எல்லாம் போட்டு முடிச்சாச்சுன்னா, நெட் மீட்டர்ல ரெண்டு கணக்கு மாறி மாறி ஓடும். ஒண்ணு நாம லைன்லேருந்து எடுத்தது, இன்னொண்ணு நாம லைனுக்குக் கொடுத்தது. எந்தத் திரை எதுன்னு மீட்டர் மாட்ட வர்றவங்ககிட்டயே கேட்டுக் காலண்டர் பின்னாடி எழுதி வெச்சுடு. வாரத்துக்கு ஒரு நாள், இன்வெர்ட்டர்ல காட்டற யூனிட்டையும் மீட்டர்ல இருக்கிற ரெண்டு எண்ணையும் அதே காலண்டர்ல குறிச்சுக்கோ. வானம் தெளிஞ்சிருந்தும் உற்பத்தி போன வாரத்தை விடப் பாதியா இறங்கியிருந்தா மொதல்ல கழுவிப் பாரு, அப்புறம் கம்பெனிக்குப் போன் போடு. ரீடிங் எடுக்க வர்றவர் பழைய பழக்கத்துல எடுத்த கணக்கை மட்டும் போட்டுட்டுப் போனா முதல் பில்லு பழையபடியே வந்து நிக்கும். அப்போ அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்துக்கிட்டு ஈ.பி. ஆபீஸுக்குப் போ, உதவிப் பொறியாளர்கிட்ட காட்டி எழுதிக் கொடு. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு, நானும் பஸ் ஏறி வந்துடறேன்.